செவுளின் வாசலில் உப்பும் உலோகமும்

வீட்டில் கண்ணாடித் தொட்டி வைத்து வண்ண மீன் வளர்ப்பவர்களிடம் இரண்டு பொருள்கள் எப்போதும் இருக்கும். ஒன்று சமையலறைக் கல் உப்பு. மற்றொன்று செம்பு கலந்த நீல நிறத் துளி மருந்து. மீனின் உடலில் ரவையைத் தூவியதுபோல வெள்ளைப் புள்ளிகள் தோன்றினால், இவற்றில் ஏதேனும் ஒன்றைத் தண்ணீரில் கலப்பது வழக்கம். நீல மருந்தைக் கொடுக்கும்போது அனுபவமுள்ள கடைக்காரர், தொட்டியில் நத்தையோ இறாலோ இருந்தால் முதலில் அவற்றை வேறு பாத்திரத்துக்கு மாற்றிவிடும்படி எச்சரிப்பார். மீன் தாங்கிக்கொள்ளும் அளவுச் செம்பு நத்தையைக் கொன்றுவிடும். உப்பும் அப்படித்தான். சிறிதளவு உப்பு மீனைத் தேற்றும். அளவு கூடினால் மீனும் வாடும், செடியும் கருகும். ஆறுகளிலும் ஏரிகளிலும் உப்பும் உலோகமும் ஏறும்போது நடப்பதும் ஏறக்குறைய இதுவே. அங்கே நத்தையை வேறு பாத்திரத்துக்கு மாற்ற ஆள் இல்லை என்பதுதான் வேறுபாடு.

இதைப் புரிந்துகொள்ள, நன்னீரில் வாழ்வது எத்தனை கடினமான வேலை என்பதை முதலில் பார்க்க வேண்டும். கடல்நீரில் லிட்டருக்கு ஏறத்தாழ 35 கிராம் உப்புகள் கரைந்திருக்கின்றன. நன்னீர் என்று நாம் அழைக்கும் நீரில் அது பொதுவாக அரை கிராமுக்கும் குறைவு. மருத்துவமனையில் நரம்பில் ஏற்றும் சலைன் பாட்டிலில் லிட்டருக்கு 9 கிராம் உப்பு இருக்கிறது. நம் குருதியின் செறிவுக்கு ஒத்த அளவு அது. நன்னீர் மீனின் குருதியும் ஏறத்தாழ அதே செறிவு கொண்டது. ஆகவே ஒரு கெண்டை மீன், தன்னைவிடப் பல மடங்கு நீர்த்த ஒரு திரவத்துக்குள் இரவும் பகலும் மிதந்துகொண்டிருக்கிறது. உலர்ந்த திராட்சையைத் தண்ணீரில் போட்டால் சற்று நேரத்தில் உப்பிவிடுவதைப் பார்த்திருப்போம். செறிவு குறைந்த பக்கத்திலிருந்து செறிவு மிகுந்த பக்கத்துக்கு, மெல்லிய சவ்வின் வழியாக நீர் தானே நகர்கிறது. சவ்வூடு பரவல் என்று பள்ளிப் பாடத்தில் படித்தது இதைத்தான். அந்தக் கணக்கின்படி கெண்டையும் திராட்சையைப்போல உப்பி வெடிக்க வேண்டும்.

அது வெடிக்காமல் இருப்பதற்குக் காரணம் இடைவிடாத உழைப்பு. நன்னீர் மீன் தண்ணீரைப் பெரும்பாலும் குடிப்பதில்லை. ஆயினும் செவுள்களின் வழியே நீர் உள்ளே கசிந்துகொண்டே இருக்கிறது. அதன் சிறுநீரகம் இந்த மிகை நீரை மிகவும் நீர்த்த சிறுநீராக, ஏராளமாக வெளியேற்றுகிறது. அப்படி வெளியேற்றும்போது சிறிதளவு உப்பும் கூடவே போய்விடுகிறது. செவுளின் மெல்லிய தோல் வழியாகவும் சோடியமும் குளோரைடும் கசிந்து ஆற்றோடு கலக்கின்றன. இந்த இழப்பை ஈடுசெய்ய, செவுளில் உள்ள தனித்த சில செல்கள் ஆற்று நீரில் அரிதாகக் கிடைக்கும் சோடியம், குளோரைடு, கால்சியம் அயனிகளைத் தேடிப் பிடித்து, ஆற்றல் செலவழித்து, குருதிக்குள் ஏற்றுகின்றன. இந்தச் செல்களின் சுவரில் உள்ள நொதிகளை நீரேற்றும் மோட்டார்களுக்கு ஒப்பிடலாம். மேட்டில் உள்ள தொட்டிக்குத் தண்ணீரை ஏற்றுவதுபோல், குறைந்த செறிவிலிருந்து மிகுந்த செறிவுக்கு அவை உப்பை ஏற்றுகின்றன. மோட்டார் நின்றால், சுற்றிலும் தண்ணீர் இருந்தும் மீன் உப்பின்றிச் சாகும். கடல் மீனின் நிலைமை இதற்கு நேர்மாறானது. அது நீரைக் குடித்து உப்பை வெளியேற்றுகிறது. இரண்டையும் செய்யத் தெரிந்த மீன்கள் சில உண்டு என்றாலும் அவை விதிவிலக்குகளே.

உப்புக்காக இத்தனை பாடுபடும் உயிருக்கு, தண்ணீரில் உப்பு கூடினால் வேலை குறையுமே, அது நன்மைதானே என்று கேட்கத் தோன்றும். கேள்வி நியாயமானது. மீன் குஞ்சுகளை நெடுந்தொலைவு ஏற்றிச் செல்பவர்கள் தண்ணீரில் சிறிது உப்பைக் கலப்பது இந்தக் காரணத்துக்காகத்தான். அது செவுளின் சுமையைக் கொஞ்ச நேரத்துக்குக் குறைக்கிறது. ஆனால் வெளிநீரின் செறிவு குருதியின் செறிவைத் தாண்டிவிட்டால் நீரோட்டத்தின் திசையே மாறுகிறது: இதுவரை உள்ளே கசிந்த நீர் இப்போது உடலிலிருந்து வெளியேறத் தொடங்கும். நீரை வெளியேற்றுவதற்காகவே அமைந்த சிறுநீரகமும், உப்பை உள்ளே இழுப்பதற்காகவே அமைந்த செவுளும் அந்நிலையில் பெரும்பாலான நன்னீர் மீன்களுக்குக் கைகொடுப்பதில்லை.

இது மீனின் கதை. நன்னீரில் மீனைவிட எண்ணிக்கையிலும் வகையிலும் மிகுந்திருப்பவை முதுகெலும்பற்ற உயிர்கள்; அவற்றில் பல, மீனைவிட மிகக் குறைந்த உப்பிலேயே தளர்ந்துவிடுகின்றன. நன்னீர் மட்டியின் உடல் திரவம் மீனின் குருதியைக் காட்டிலும் பல மடங்கு நீர்த்தது. மட்டியின் இளரி (லார்வா) பிறந்தவுடன் ஏதேனும் ஒரு மீனின் செவுளைப் பற்றிக்கொண்டு சில காலம் ஒட்டுண்ணியாக வாழ வேண்டும். மீனைத் தேடித் தண்ணீரில் தனியே இருக்கும் அந்தச் சிறு இடைவெளியில், குளோரைடு சற்றே கூடினாலும், தன் சிப்பி ஓட்டினை மூடி மீனைப் பற்றிக்கொள்ள இளரியால் இயலாமல் போகிறது. சிறகு முளைத்தபின் ஓரிரு நாளே வாழும் மே ஈயின் இளரிகள் இன்னும் நுட்பமானவை. அவற்றின் உடல் திரவத்தைவிடச் செறிவு குறைந்த உப்புநீரிலேயே அவை இறப்பதால், திராட்சைக் கணக்கை மட்டும் வைத்து அந்த இறப்பை விளக்க முடியாது. உள்ளே நுழையும் மிகை அயனிகளைத் திரும்பத் திரும்ப வெளியேற்றுவதற்கு ஆகும் ஆற்றல் செலவே காரணம் என்று ஒரு சாரார் கருதுகின்றனர். ஆய்வாளர்களிடையே இதில் விவாதம் இன்னும் முடியவில்லை.

இத்தகைய மெல்லிய உயிர்களைக் கருதியே அளவுகோல்கள் வகுக்கப்படுகின்றன. அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை 1988-இல், நீர்வாழ் உயிர்கள் நீண்ட நாள் தாங்கக்கூடிய குளோரைடு அளவு லிட்டருக்கு 230 மில்லிகிராம் என்று வரையறுத்தது. கனடா 2011-இல் அதை 120 மில்லிகிராமாகக் குறைத்து வைத்தது. கடல்நீரில் குளோரைடு மட்டுமே ஏறத்தாழ 19,000 மில்லிகிராம் இருக்கிறது என்பதோடு இதை ஒப்பிட்டுப் பார்த்தால், நாக்கில் உப்புக் கரிப்பது தெரியாத நீரும் ஒரு மட்டிக்கு உவர்நீராகிவிடும் என்பது விளங்கும். அந்நாடுகளில் இந்த உப்பின் பெரும்பகுதி, பனிக்காலத்தில் சாலையில் உறையும் பனியைக் கரைக்கத் தூவப்படும் உப்பிலிருந்து வருகிறது.

உப்பு என்றால் சோடியம் குளோரைடு மட்டும் அன்று. கால்சியம், மக்னீசியம், பொட்டாசியம், சல்பேட், பைகார்பனேட் ஆகிய அனைத்தும் சேர்ந்ததே நீரின் உப்புத்தன்மை. இவற்றின் கலவை விகிதம் மாறினால் நச்சுத்தன்மையும் மாறும். பொட்டாசியம் மட்டிகளுக்குக் கொடியது. அமெரிக்காவின் வர்ஜீனியா மாநிலத்தில் மில்புரூக் என்னும் கைவிடப்பட்ட கல்குவாரிக் குட்டையில் அயல்நாட்டு வரிக்குதிரை மட்டிகள் பெருகியபோது, 2006-இல் பொட்டாசியம் குளோரைடைக் கரைத்து ஊற்றி அவற்றை முற்றாக ஒழித்தனர். அந்தக் குட்டையின் மீன்களுக்கு எதுவும் ஆகவில்லை. நம் வயல்களுக்கு நாம் இடும் பொட்டாஷ் உரமும் இதே பொருள்தான்.

உப்பு ஏறிய குளம் பெரும்பாலும் செத்த குளமாகக் காட்சியளிப்பதில்லை; இதுவே இந்தச் சிக்கலை எளிதில் கவனிக்க முடியாமல் செய்கிறது. அயிரையும் ஆராலும் நத்தையும் தவளையும் மறைந்த இடத்தை ஜிலேபிக் கெண்டை நிரப்பிவிடும். ஆப்பிரிக்காவிலிருந்து வந்த இந்த மீன் கடல்நீரிலும் பிழைக்கக்கூடியது. கரையில் நின்று பார்ப்பவருக்குத் தண்ணீரில் மீன் துள்ளுவதே போதுமான சான்றாகத் தோன்றும். குளம் நன்றாகத்தான் இருக்கிறது என்று அவர் நகர்ந்துவிடுவார். தவளைக்கு ஜிலேபிக் கெண்டையின் அந்த வசதி இல்லை. அதன் முட்டைக்கு ஓடு கிடையாது, தலைப்பிரட்டையின் தோல் மிக மெல்லியது. சதுப்புநிலக் காடுகளில் வாழும் நண்டுண்ணித் தவளை மட்டும், குருதியில் யூரியாவைத் தேக்கிவைத்துச் செறிவைக் கூட்டிக்கொண்டு உவர்நீரைச் சமாளிக்கிறது. கொசுவுக்கும் தனித் திறமை உண்டு. இலங்கையின் யாழ்ப்பாணத்திலும் மட்டக்களப்பிலும் உவர்நீர் தேங்கிய இடங்களில் டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசுக்கள் வளர்வதை ஆய்வாளர்கள் 2011-இல் வெளியிட்டனர். அதுவரை இந்தக் கொசு தூய நன்னீரில் மட்டுமே முட்டையிடும் என்பது பொதுவான நம்பிக்கை.

இனி உலோகத்துக்கு வருவோம். செம்பு, துத்தநாகம், இரும்பு ஆகியவை உயிருக்கு இன்றியமையாதவை. பல நத்தைகளின் குருதி இளநீல நிறம் கொண்டிருப்பதற்கே அதில் ஆக்சிஜனைச் சுமக்கும் செம்புப் புரதம்தான் காரணம். காட்மியம், ஈயம், பாதரசம் ஆகியவற்றால் மீனுக்கோ நத்தைக்கோ எந்தப் பயனும் இல்லை. ஆனால் இரு வகையும் உடலில் நுழையும் வழி வியப்பானது. அவற்றுக்கெனத் தனி வாசல் இல்லாதபோது அவை ஆள்மாறாட்டம் செய்கின்றன. காட்மியம் அயனி கால்சியம் அயனியின் பருமனை ஒத்திருப்பதால், கால்சியத்துக்காகத் திறந்த செவுள் வாசலில் புகுந்துகொள்கிறது. உள்ளே போனதும் கால்சியத்தைக் குருதிக்குள் ஏற்றும் நொதியை முடக்கிவிடுகிறது. செம்பு சோடியத்தின் வழியில் குறுக்கிடுகிறது. ஆறு இணைதிறன் கொண்ட குரோமியம், குரோமேட் வடிவில் சல்பேட்டைப் போன்ற தோற்றம் கொண்டிருப்பதால், சல்பேட்டை ஏற்றும் பாதை வழியே செல்லுக்குள் நுழைந்து, அங்கே மூன்று இணைதிறன் கொண்ட வடிவாக மாறும்போது செல்லின் உட்பொருள்களைச் சிதைக்கிறது.

செம்பினால் ஒரு மீன் எப்படி இறக்கிறது என்பதைச் சற்று நெருங்கிப் பார்க்கலாம். செவுளில் படியும் செம்பு, முன்பு சொன்ன மோட்டார்களை ஒவ்வொன்றாக நிறுத்துகிறது. சிறுநீர் வழியே உப்பு போய்க்கொண்டே இருக்கிறது. உள்ளே ஏறுவதோ நின்றுவிட்டது. குருதித் திரவத்தில் உள்ள சோடியத்தில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கை இழக்கும்போது, குருதியின் நீர் சுற்றியுள்ள திசுக்களுக்குள் நகர்கிறது. குருதி தடித்து, அழுத்தம் ஏறி, இதயம் ஓய்ந்துவிடுகிறது. மீனின் குடலிலோ கல்லீரலிலோ தடயம் தேடினால் பெரிதாக எதுவும் அகப்படாது. இதற்குத் தேவைப்படும் செம்பும் மிகச் சிறிது. கண்ணுக்குப் புலப்படும் அளவே உள்ள டாப்னியா என்னும் தண்ணீர்த்தெள்ளு, சுண்ணாம்பு குறைந்த மென்னீரில் லிட்டருக்குச் சில பத்து மைக்ரோகிராம் செம்பிலேயே இரண்டு நாளில் அசைவற்றுப்போகும். அதன் உடல் கண்ணாடிபோல ஒளி ஊடுருவக்கூடியது. துடிக்கும் இதயத்தை நுண்ணோக்கியில் நேரடியாகப் பார்க்கலாம். உலகெங்கும் நச்சுச் சோதனைகளுக்கு இதைத் தேர்ந்தெடுப்பதற்கு அதன் மென்மையும் விரைந்த இனப்பெருக்கமும் முதன்மையான காரணங்கள்.

கொல்லாத அளவும் தீங்கற்றது அன்று. லிட்டருக்குச் சில மைக்ரோகிராம் செம்பு இருந்தாலே சால்மன் குஞ்சுகளின் மோப்ப உணர்வு மங்கிவிடுகிறது. கூட்டத்தில் ஒரு மீன் கடிபட்டால் அதன் தோலிலிருந்து கசியும் ஒரு பொருளை முகர்ந்து மற்றவை அசையாமல் உறைந்துவிடும். மோப்பம் மங்கிய குஞ்சு அந்த அபாய அறிவிப்பை அறியாமல் நீந்திக்கொண்டிருந்து பெரிய மீனுக்கு இரையாகும். பயிருக்கும் பாசிக்கும் நாம் பயன்படுத்தும் மயில்துத்தம் இதே செம்பின் சல்பேட்தான் என்பதையும் இங்கே நினைவில் கொள்ளலாம். உடலுக்கும் தற்காப்பு இல்லாமல் இல்லை. 1957-இல் குதிரையின் சிறுநீரகத்திலிருந்து முதன்முதலில் பிரித்தெடுக்கப்பட்ட மெட்டலோதயோனின் என்ற சிறு புரதம், மீன்களின் கல்லீரலிலும் சிறுநீரகத்திலும் உலோக அயனிகளைக் கட்டிப்போட்டு வைக்கிறது. ஆனால் அந்தப் புரதத்தை உருவாக்க ஆற்றல் வேண்டும். அந்த ஆற்றல் வளர்ச்சியிலிருந்தும் முட்டையிலிருந்தும்தான் கழிக்கப்படுகிறது.

தமிழ்நாட்டில் உப்பைப் பற்றிப் பேசினால் நொய்யலைத் தவிர்க்க முடியாது. வெள்ளியங்கிரி மலையில் பிறந்து காவிரியில் கலக்கும் இந்த ஆற்றின் கரையில்தான் திருப்பூரின் சாயப்பட்டறைகள் பெருகின. பனியன் துணியைச் சாயமேற்ற உப்பு எதற்கு என்பது பலருக்கும் எழும் ஐயம். பருத்தி இழை நீரில் எதிர்மின்னேற்றம் கொள்கிறது. சாயமும் எதிர்மின்னேற்றம் கொண்டது. இரண்டும் ஒன்றையொன்று விலக்கும். உப்பு அந்த விலக்கத்தைத் தணித்துச் சாயத்தை இழையோடு சேர்க்கிறது. வேலை முடிந்ததும் சாயத்தின் பெரும்பகுதி துணியில் தங்கிவிடும், உப்பு முழுவதும் கழிவுநீரில் தங்கிவிடும். வழக்கமான சுத்திகரிப்பு நிறத்தை நீக்கும். கரைந்த உப்பை நீக்காது. நிறமற்றுத் தெளிந்து ஓடிய கழிவுநீரும் ஆற்றைக் கெடுத்தது இதனால்தான். பாசனத்துக்காக 1992-இல் கட்டி முடிக்கப்பட்ட ஒரத்துப்பாளையம் அணையில் சாயக்கழிவு தேங்கியதால், அணை நீரைத் திறந்துவிட வேண்டாம் என்று உழவர்களே போராடும் நிலை வந்தது. திரவக் கழிவை ஒரு துளியும் வெளியேற்றக் கூடாது என்ற நிபந்தனை நிறைவேறாததால், 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூட உத்தரவிட்டது.

பாலாற்றின் நிலை வேறு. அங்கே உப்பும் உலோகமும் ஒரே குழாயில் வந்தன. வாணியம்பாடி, ஆம்பூர், இராணிப்பேட்டைப் பகுதித் தோல் பதனிடும் ஆலைகளுக்கு வரும் பச்சைத் தோல், அழுகாமல் இருக்க உப்பிடப்பட்டே வருகிறது. அந்த உப்பைக் கழுவி நீக்கியபின் குரோமியம் சேர்த்துப் பதனிடுகிறார்கள். உப்பு நீரும் குரோமிய நீரும் ஒரே வளாகத்திலிருந்து வெளியேறின. பாலாற்றைக் குறித்து வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடர்ந்த வழக்கில் 1996-இல் உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பு, மாசுபடுத்தியவரே இழப்பை ஈடுசெய்ய வேண்டும் என்ற கோட்பாட்டை இந்தியச் சட்டத்தின் பகுதி என்று அறிவித்தது.

இரண்டும் சேரும்போது என்ன ஆகிறது? இரண்டு தீமைகளைக் கூட்டினால் இரட்டிப்புத் தீமை என்று கணக்குப் போட்டுவிட முடியாது. கால்சியமும் மக்னீசியமும் மிகுந்த கடின நீரில், செவுளின் வாசலில் உலோக அயனிகளோடு அவையும் போட்டியிடுவதால், உலோகத்துக்கு இடம் கிடைப்பது குறைகிறது. அதே அளவு செம்பு மலையோடையின் மென்னீரில் கொல்லும், சுண்ணாம்புப் பாங்கான கிணற்று நீரில் கொல்லாது. குளோரைடு காட்மியத்தோடு பிணைந்து, தனித்துத் திரியும் காட்மியம் அயனிகளைக் குறைக்கவும் செய்கிறது. இதுவரை கேட்டால் உப்பு உலோகத்துக்கு மருந்துபோலத் தோன்றும். ஆனால் ஆற்றின் அடியில் பல ஆண்டுகளாகப் படிந்த சேறு ஒன்று இருக்கிறது. களிமண் துகள்களின் மேல் ஒட்டிக்கிடக்கும் உலோகங்களை, உப்போடு வரும் சோடியமும் கால்சியமும் இடம்பெயர்த்துத் தண்ணீருக்குள் தள்ளுகின்றன; குளோரைடு அவற்றோடு பிணைந்து கரைசலிலேயே நிறுத்திவைக்கிறது. சேற்றில் உறங்கிய பழைய காட்மியம், புதிய உப்பால் எழுப்பப்படுகிறது. சுஜய் கௌஷல் தலைமையிலான அமெரிக்க ஆய்வாளர்கள் 2018-இல் நன்னீர் உவர்ப்பு நோய்க்கூட்டம் என்ற பொருள்படும் பெயரை இதற்கு வைத்தது, உப்பு தனியே ஏறுவதில்லை, காரத்தன்மையையும் உலோகங்களையும் ஊட்டப்பொருள்களையும் கூடவே அசைத்துவிடுகிறது என்பதைக் காட்டத்தான்.

நம் வீடுகளில் குடிநீர் இயந்திரம் விற்க வருபவர் தண்ணீரில் அமிழ்த்திக் காட்டும் பேனா வடிவ டி.டி.எஸ். கருவி, நீரின் மின்கடத்துதிறனை அளந்து, அதைக் கரைந்த உப்பின் மில்லிகிராமாக மாற்றிச் சொல்கிறது. 20 மைக்ரோகிராம் செம்பு என்பது 0.02 மில்லிகிராம், கருவியின் திரையில் 200 என்ற எண் 201 ஆகக்கூட மாறாது. அந்தக் கருவியை ஓர் ஓடையில் அமிழ்த்தி உப்பு ஏறியிருக்கிறதா என்று அறியலாம். உலோகம் இல்லை என்று சான்று கூற அதனால் இயலாது. எந்த உப்பு என்பதையும் அது சொல்லாது.

2022 கோடையில் போலந்துக்கும் ஜெர்மனிக்கும் இடையே ஓடும் ஓடர் ஆற்றில் மீன்கள் கூட்டம் கூட்டமாகச் செத்து மிதந்தபோது, முதல் ஐயம் பாதரசத்தின் மீதே விழுந்தது. நஞ்சைக் கொட்டியவரைக் காட்டிக்கொடுத்தால் பத்து லட்சம் ஸ்லோட்டி பரிசு என்று போலந்துக் காவல்துறை அறிவித்தது. பாதரசம் காரணம் என்பது உறுதிப்படவில்லை. ஆற்றில் அளவுக்கு மீறி இருந்தது உப்பு. சுரங்கம் முதலிய தொழில்களின் உப்புக் கழிவுநீர், வறட்சியால் வற்றிய ஆற்றில் போதிய நீரின்றிச் செறிந்திருந்தது. அந்த உப்பு மீனை நேரடியாகக் கொல்லவில்லை. உவர்நீரில் மட்டும் செழிக்கக்கூடிய பிரிம்னீசியம் பர்வம் என்ற பொன்னிறப் பாசி அதைப் பயன்படுத்திக்கொண்டு பெருகி, செவுளின் செல்களைச் சிதைக்கும் நச்சைக் கக்கியது. இறந்த மீன்கள் ஏறத்தாழ 360 டன் என்று ஐரோப்பிய ஒன்றியத்தின் ஆய்வு மையம் பின்னர் மதிப்பிட்டது. மட்டிகளும் நத்தைகளும் அந்தக் கணக்கில் சேரவில்லை. பரிசுத் தொகைக்கு ஆசைப்பட்டு இரவில் பீப்பாயைக் கவிழ்த்தவனைத் தேடிய எவருக்கும் அப்படி ஒருவன் அகப்படவில்லை. அடுத்தடுத்த ஆண்டுகளில் அதே பாசி, அந்த ஆற்றோடு இணைந்த கிளிவித்சே கால்வாயில் மீண்டும் தலைகாட்டியது.